கிணறு பொது, கயிறு யார் கையில்?

காற்று பொதுச் சொத்து. இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்கிற வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, ஒலியும் ஒளியும் பரவுகிற அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து, பொது நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.

பொதுச் சொத்து என்கிற வார்த்தையைக் கேட்டதும் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரலாம். நமக்குச் சந்தேகம்தான் வரும். ஊர்க்கிணறும் பொதுச் சொத்துதான். கண்மாயும் பொதுச் சொத்துதான். சுடுகாட்டுக்குப் போகிற பாதையும் பொதுச் சொத்துதான். அரசாங்கக் கணக்கில் பொது என்று எழுதியிருக்கும். போய் நின்னா "யார்ரா அவன்?"னு குரல் வரும். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. ஆனால் சவுதார் குளத்துத் தண்ணீரை நம் மக்கள் கையில் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோக வேண்டியிருந்தது. குடித்ததற்காக அடிவாங்க வேண்டியிருந்தது.

கிணறு பொது என்பது ஒரு விஷயம். கயிறும் வாளியும் யார் கையில் என்பது வேறு விஷயம். கயிறு அவர்கள் கையில் இருக்கிறவரை நாம் தள்ளி நின்று கையேந்தத்தான் வேண்டும். அவர்கள் ஊற்றினால் உண்டு.

இந்தக் கட்டுரை அந்தக் கயிறைப் பற்றியது. அரசு வானொலி நிலையங்களில் மாணவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சியைப் பற்றியது. இன்டர்ன்ஷிப் என்று இப்போது சொல்கிறார்கள். "சேரியே பத்தி எரியுது, இவன் மாணவர் பயிற்சியப் பத்தி எழுத வந்துட்டான்"னு சில தோழர்கள் நினைக்கலாம். சேரி எரிந்த மறுநாள் காலையில் அந்தச் செய்தியை எந்தச் சொல்லால் எழுதுவது என்று முடிவுபண்ணுகிற நாற்காலி ஒன்று இருக்கிறது. அந்த நாற்காலிக்குப் போகிற வழி இந்தப் பயிற்சியில்தான் தொடங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

*

1996 மே மாதம். இதழியல் பட்டயப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் ஏதாவது ஊடக நிறுவனத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பத்திரிகை ஆபீசுகளில் எனக்கு யாரையும் தெரியாது. வானொலி அரசாங்கத்தோடது, சர்க்கார் வீட்டு வாசலில் சாதி கேட்க மாட்டான் என்று நம்பி, கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு நிலையம் மட்டும் கெட்டது என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரிலிருந்து அந்த நகரத்துக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். தினமும் போய்வரக் காசு இல்லை. அம்மா கால் பவுன் தோட்டை அடகுவைத்துக் கொடுத்த பணம் சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும். சித்தப்பா அந்த நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. அவருடைய லைன் வீட்டில் ஒரு மாதம் படுத்துக்கொண்டேன். காலையில் நானும் அவரும் ஒன்றாகக் கிளம்புவோம். நிலையம் இருக்கிற ரோட்டைக் கூட்டுகிற முறை சித்தப்பாவுக்கு வரும்போது, கேட்டுக்கு முன்னால் குப்பையை அள்ளிக்கொண்டே, "நீ உள்ள போ, என்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிராத"ன்னு மெதுவாச் சொல்வார். நானும் காட்டிக்கொள்ளாமல் போவேன். இதை எழுத இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

என்னோடு இன்னும் இரண்டு பேர் பயிற்சிக்கு வந்தார்கள. ஒருவனுடைய பெரியப்பா அங்கே பேச்சு கொடுக்க வருகிறவர். இன்னொரு பெண்ணின் அம்மா அங்கே பாடுகிறவர். அவர்கள் கல்லூரிக் கடிதமே கொண்டுவரவில்லை. போனில் சொல்லியிருந்தார்களாம். முதல் நாள் நிகழ்ச்சி அதிகாரி மூன்று பேரையும் உட்காரவைத்து விசாரித்தார். யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. "எங்க தங்கியிருக்கே?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எல்லாம் முடிந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். நான் டேப் லைப்ரரிக்குப் போனேன்.

ஒரு மாதமும் அங்கேதான். சிவப்பு விளக்கு எரிகிற அறையை வெளியே இருந்துதான் பார்த்தேன். எனக்குக் கொடுத்த வேலை, அலமாரியில் இருக்கிற ஒலிநாடாக்களைத் தூசிதட்டி, பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்து, அழிக்க வேண்டியவற்றைப் பட்டியல் எழுதுவது. அப்போதெல்லாம் பெரிய வட்டு நாடா. விலை அதிகம். பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிய நிகழ்ச்சியை அதிலேயே பதிவார்கள். எது இருக்க வேண்டும், எது அழிய வேண்டும் என்பதற்கு ஒரு தாளில் விதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். கச்சேரி இருக்கட்டும், பெரிய மனுசங்க பேச்சு இருக்கட்டும், கிராமிய நிகழ்ச்சியில் ரொம்பப் பழையதை எழுது என்பது அதன் சாரம்.

ஒரு கச்சேரி நாடாவின் சீட்டில் பாடியவர் பெயர் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார், தம்புரா போட்டவர் யார் என்பதுகூட இருக்கும். கிராமிய நிகழ்ச்சி நாடாவின் சீட்டில் ஊர்ப் பெயர் இருக்கும். "நடவுப் பாட்டு, ஒப்பாரி" என்று இருக்கும். பாடியவர் என்கிற இடத்தில் "குழுவினர்" என்று இருக்கும். அவ்வளவுதான். குழுவினர்.

அப்படி ஒரு பெட்டியில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைப் பார்த்தேன். அந்த ஊர்க் காலனியில் எங்கள் அப்பத்தா பிறந்தது. அந்தக் குழுவினரில் அப்பத்தாவுடைய அக்கா தங்கச்சிகள் இருந்திருக்கலாம். அவர்களுக்கு அன்றைக்கு வண்டிச் சத்தமாவது கொடுத்தார்களோ என்னவோ. போட்டுக் கேட்கலாமா என்று கேட்டேன். "மெசினெல்லாம் ஓடிட்டிருக்கு, நேரமில்ல"ன்னார் லைப்ரரிக்காரர். விதிப்படி அது அழிப்புப் பட்டியலில் வர வேண்டிய நாடா. எழுதினேன். சான்றிதழ் அவர் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். எழுதியது என் கை.

அதே மாதத்தில் எங்கள் தாலுகாவில் ஒரு காலனிக்குள் புகுந்து கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். நான் படித்த ஊர்தான். மறுநாள் செய்திப் பிரிவில் அந்தச் செய்தியை "இரு பிரிவினரிடையே மோதல்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தேநீர் கொண்டுபோய் வைக்கப் போனவன் பார்த்துவிட்டேன். (ஆமாம், தேநீர் கொண்டுபோவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.) "சார், மோதல் இல்ல சார். ஒரு பக்கந்தான் எரிஞ்சிருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "தம்பி, நீ கத்துக்க வந்திருக்கே. கருத்துச் சொல்ல வரல" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். எரிந்தது யார் வீடு என்பதை எழுதுகிற இடத்தில் எரிந்த வீட்டுக்காரன் தேநீர்தான் கொண்டுவரலாம் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

*

அதே 1996 நவம்பரில் டெல்லியில் ஒரு சம்பவம். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், ஒரு செய்திக்காக தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று பி.என். உனியால் என்கிற மூத்த பத்திரிகையாளரிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர் பட்டியலையே எடுத்துவைத்துத் தேடினார். ஒருவரும் அகப்படவில்லை. தன் முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது தனக்கு அப்போதுதான் உறைத்தது என்று 'பயனியர்' பத்திரிகையில் எழுதினார். அவர் டெல்லியில் தேடிக்கொண்டிருந்த ஆண்டில் ஒரு தலித் மாணவன் இங்கே டேப் லைப்ரரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பத்து ஆண்டு கழித்து, 2006இல், டெல்லியில் இருக்கிற 37 ஊடக நிறுவனங்களின் 315 முக்கியப் பொறுப்பாளர்களை எண்ணிப் பார்த்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை. பழங்குடி ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஆய்வு செய்தன. செய்தி நிறுவனங்களில் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தார்கள். அதில் 106 பேர் உயர்த்திக்கொண்ட சாதியினர். தலித், பழங்குடி பூச்சியம். கம்ப்யூட்டர் வந்தது, கேபிள் வந்தது, செல்போன் வந்தது. பூச்சியம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"தகுதியுள்ளவங்க வந்தா எடுத்துக்க மாட்டோமா?" என்று கேட்பார்கள். தகுதி வானத்திலிருந்து விழுவதில்லை. மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் வாயை வைக்க வேண்டும், 'ப' சொல்லும்போது காற்று அடிக்காமல் எப்படி முகத்தைத் திருப்ப வேண்டும், கியூ ஷீட் எப்படி எழுத வேண்டும், குரல் தேர்வில் என்ன மாதிரித் தாளைக் கொடுப்பார்கள், எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் – இதெல்லாம்தான் அந்தத் தொழிலின் தகுதி. இதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராது. உள்ளே ஒரு மாதம் இருந்தவனுக்குத் தெரியும். உள்ளே யாரை விடுவது என்று தீர்மானிப்பவன் தகுதியையும் சேர்த்தே தீர்மானிக்கிறான்.

*

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்காக 2024இல் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாணவி ஒருத்தி. அருந்ததியர் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். இன்று பல பல்கலைக்கழகங்களில் இன்டர்ன்ஷிப் மதிப்பெண்ணோடு கூடிய பாடமாகிவிட்டது. போகாவிட்டால் பட்டம் நிற்கும். எங்கள் காலத்தில் அது ஒரு சான்றிதழ். இவர்கள் காலத்தில் அது ஒரு பரீட்சை. ஆனால் இந்தப் பரீட்சைக்கு மட்டும் ஹால்டிக்கெட்டை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். "சார், அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" என்றுதான் அந்தப் பிள்ளை முதலில் கேட்டது. அரசு நிறுவனத்துக்குள் நுழைய ஒரு குடிமகள் கேட்கிற முதல் கேள்வி இது. எப்போது விண்ணப்பம், எத்தனை இடம், எப்படித் தேர்வு என்று அந்த நிலையத்தின் சுவரில் ஒரு நோட்டீஸ் கிடையாது. நான் இரண்டு பேருக்குப் போன் பண்ணி, அவர்கள் இன்னொருவருக்குப் போன் பண்ணி, சேர்த்துக்கொண்டார்கள். ஆக நானும் கயிற்றைப் பிடித்துத்தான் தண்ணி எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

உதவித்தொகை கிடையாது. பஸ் காசு கிடையாது. தமிழ்நாட்டில் நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. நல்ல திட்டம். ஆனால் அவள் வர வேண்டிய தூரத்துக்கு நகரப் பேருந்து இல்லை. வெளியூர்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த ஒரு மாதம் விடுமுறை மாதம். விடுமுறையில் அவள் ஜவுளிக் கடையில் நின்று அடுத்த பருவத்துக்குக் கட்டணம் சேர்ப்பவள். பயிற்சிக்குப் போனால் அந்தச் சம்பளம் போச்சு. இலவசமாக வேலை கற்றுக்கொள் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நமக்கு இலவசம் என்று எதுவும் கிடையாது. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு ஆளுடைய கூலி குறைகிற நாள். சம்பளமில்லாத பயிற்சி என்பது அப்பா சோறு போடுகிற பிள்ளைக்கு மட்டும் திறக்கிற கதவு.

மூன்றாவது வாரம் அவள் என்னைத் தேடி வந்தாள். அரை நிமிசம் மைக் முன்னால் நிற்கவைத்தார்களாம். ஒரு குறிப்பைப் படிக்கச் சொன்னார்களாம். படித்து முடித்ததும் ஒரு அறிவிப்பாளர் அம்மா, "வீட்ல இப்படித்தான் பேசுவீங்களா?" என்று கேட்டாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். பிறகு கம்ப்யூட்டரில் பட்டியல் அடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "என் பேச்சு அவ்வளவு அசிங்கமாவா சார் இருக்கு?" என்று கேட்டாள்.

நான் இருந்த லைப்ரரி இப்போது கம்ப்யூட்டராகியிருக்கிறது. வேறு என்ன மாறியிருக்கிறது?

*

அந்தப் பேச்சைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வானொலித் தமிழ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1938இல் சென்னையில் நிலையம் தொடங்கியதிலிருந்து அந்தத் தமிழ் எத்தனையோ சட்டை மாற்றியிருக்கிறது. வடமொழி கலந்த தமிழ் என்று தமிழ் உணர்வாளர்கள் அதோடு சண்டை போட்டார்கள். 1957இல் ஆகாசவாணி என்று பெயர் வைத்தபோது, வானொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. 2023 மே மாதம் மறுபடியும் எல்லா மொழியிலும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுபடியும் தமிழ்நாட்டுக் கட்சிகள் எதிர்த்தன. எதிர்த்தது சரிதான். நானும் எதிர்க்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயர்ப் பலகைக்காக இத்தனை வருசம் சண்டை போட்டவர்கள், அந்தப் பலகைக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டார்களா? ஆகாசவாணி என்று சொன்னாலும் வானொலி என்று சொன்னாலும் எங்கள் அப்பத்தா குழுவினர்தானே? சமஸ்கிருதத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் செந்தமிழை உட்காரவைத்தீர்கள். அந்தச் செந்தமிழ் சேரித் தமிழைப் பார்த்து "வீட்ல இப்படித்தான் பேசுவீங்களா?" என்று கேட்கிறது. தமிழ் என்றால் எந்தத் தமிழ்? யாருடைய வாயில் இருக்கிற தமிழ்? வயலில் நாற்றுப் பிடுங்குகிறவளின் பேச்சு, விவசாய நிகழ்ச்சியில் வேறு யாரோ நடித்துக் காட்டுகிற பேச்சாக வரலாம். அவளே வந்து பேசினால் உச்சரிப்புச் சரியில்லை.

உச்சரிப்பு ஒரு சாக்கு என்பதற்குத் தெலுங்கு நாட்டில் சாட்சி இருக்கிறது. அன்றைய மேடக் மாவட்டம் ஜகீராபாத் பக்கத்தில் 2008 முதல் சங்கம் ரேடியோ என்கிற சமுதாய வானொலி ஒலிபரப்பானது. அதை நடத்தியவர்கள் தலித் பெண்கள், விவசாயக் கூலிகள். நரசம்மா என்கிற ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் அதன் தூண்கள். உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஒலிப்பதிவு கற்றுக்கொண்டார்கள். கேசட்டில் பதிந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சங்கக் கூட்டத்தில் போட்டுக்காட்டினார்கள். விதை, மழை, மருந்து, பாட்டு எல்லாம் அவர்களுடைய சொந்தப் பேச்சில். காற்று ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கற்றுக்கொடுக்க ஆளும், கற்றுக்கொள்கிறவளுக்கு மரியாதையும் இருந்தால் போதும் என்பதைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

*

இனி சட்டத்தைப் பேசுவோம். நமக்கு ஆயுதம் அதுதான்.

அரசு வானொலியையும் தொலைக்காட்சியையும் நடத்துகிற பிரசார் பாரதிக்கு 1990இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். 1997இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 12ஆம் பிரிவு அந்த நிறுவனத்தின் கடமைகளைச் சொல்கிறது. சமூக நீதியை வளர்ப்பது, சுரண்டல், ஏற்றத்தாழ்வு, தீண்டாமை போன்ற தீமைகளை எதிர்ப்பது, நலிந்த பிரிவினரின் நலனை முன்னெடுப்பது என்று அதில் எழுதியிருக்கிறது. தீண்டாமை என்கிற சொல்லே அதில் இருக்கிறது. தீண்டாமையை எதிர்க்க வேண்டும் என்று சட்டப்படி கட்டளை பெற்ற நிறுவனம் அது. அந்த வேலையைத் தேநீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அலைகிற பையனிடமிருந்து தொடங்கியிருக்கலாம்.

இன்னொரு சட்டம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம். பட்டறையில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் போன்ற வேலை பழகுகிறவர்களுக்காக முதலில் வந்தது. அதில் 1973இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொழில் பழகும் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பழகுகிற காலத்துக்கு உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. இரும்பு அறுக்கிற இடத்தில் பழகுவதற்கு 1973லேயே இடஒதுக்கீடு உண்டு, பணம் உண்டு. மைக் முன்னால் பழகுவதற்கு இரண்டும் இல்லை. உடம்பால் உழைக்கிற வேலை என்றால் வாடா என்கிறார்கள். பேசுகிற வேலை, எழுதுகிற வேலை, எது செய்தி என்று முடிவுபண்ணுகிற வேலை என்றால் அது பயிற்சிதானே, அதுக்கு எதுக்கு ஒதுக்கீடு என்கிறார்கள். மனுவிடம் பாடம் கேட்டவர்கள் போட்ட பிரிவினை மாதிரித்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு விதி. மத்திய அரசு அலுவலகங்களில் தற்காலிக நியமனமாக இருந்தாலும் 45 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் இடஒதுக்கீடு உண்டு. வானொலியில் நிரந்தர நியமனம் அரிதாகிப்போய் ரொம்ப வருசமாகிறது. மாதத்துக்கு ஆறு நாள் கூப்பிடுகிற தற்காலிக அறிவிப்பாளர்களை வைத்துத்தான் நிலையங்கள் ஓடிப் பழகியிருக்கின்றன. மாதம் ஆறு நாள். பயிற்சி முப்பது நாள். 45 என்கிற கோட்டுக்கு எப்போதும் இந்தப் பக்கமே நிற்கிற ஏற்பாடுகள். வேண்டுமென்றே செய்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்கு அந்த விவாதம் வேண்டாம். நிரந்தரம் என்கிற பெரிய வாசலில் இடஒதுக்கீடு காவல் நிற்கிறது. அதனால் எல்லோரும் புழக்கடை வழியாக வந்துபோகிறார்கள். புழக்கடைச் சாவி போன் வைத்திருக்கிற பெரியப்பாக்கள் கையில் இருக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். 2024இல் மத்திய அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய தனியார் கம்பெனிகளில் பயிற்சிக்குப் போகிற இளைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசாங்கப் பணம். தனியார் முதலாளியின் வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அரசு பணம் கொடுக்கும், தன் சொந்த வானொலியின் வாசலில் நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்காதா? 2025இல் பொறியியல் பட்டதாரிகளை மாதத் தொகை கொடுத்துப் பயிற்சிக்கு அழைத்துப் பிரசார் பாரதியே விளம்பரம் வெளியிட்டது. ஆக, மனமிருந்தால் விளம்பரமும் போட முடிகிறது, பணமும் கொடுக்க முடிகிறது. படிக்கிற காலத்திலேயே பயிற்சிக்கு வருகிற கலைக் கல்லூரிப் பிள்ளை என்றால்தான் கை சுருங்குகிறது.

*

நம் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நிலையத்துக்குள் இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போன நம்மவர்கள் இருக்கிறார்கள். சிலர் நமக்காக உள்ளே போராடியிருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். சிலர் நம்மைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை. அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ரோட்டில் சித்தப்பாவைத் தெரியாத மாதிரி நடந்தவன் நான். அழிப்புப் பட்டியலில் எங்கள் ஊர் ஒப்பாரியை எழுதியவன் நான். ஒரு மாதச் சான்றிதழுக்கே ஒருத்தன் அவ்வளவு தூரம் வளைவான் என்றால், முப்பது வருசச் சம்பளத்துக்கு எவ்வளவு வளைய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டின் உண்மையான கொடுமை அதுதான். நம்மை வெளியே நிறுத்துவது பாதிதான். உள்ளே விட்டு, நம் கையாலேயே நம் குரலை அழிக்கவைப்பது மீதிப் பாதி.

1954 அக்டோபர் 3ஆம் தேதி அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் பேசினார். தன் வாழ்க்கைத் தத்துவத்தைச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்கிற மூன்று சொற்களில் சொல்லலாம் என்றார். அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடம் கற்றேன் என்றார். அரசியல் சட்டத்தை எழுதிய கை என்பதால் அன்றைக்கு அந்த மைக் அவர் முன்னால் வந்தது. ஆனால் சட்டம் எழுதினால்தான் மைக் கிடைக்கும் என்றால் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கிற சாதாரணப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். அதுதான் கேள்வி.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். எத்தனை இடம், எப்போது, எப்படி என்பதை ஒவ்வொரு நிலையமும் வெளிப்படையாக அறிவிக்கட்டும், அரசு கலைக் கல்லூரிகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் அந்த நோட்டீஸ் போகட்டும். தொழில் பழகுநர் சட்டத்தில் இருப்பதுபோல இங்கேயும் இடம் ஒதுக்கட்டும், உதவித்தொகை கொடுக்கட்டும். வருகிற ஒவ்வொருவரும் ஒலிப்பதிவு, செய்தி, நிகழ்ச்சி என்று எல்லாப் பிரிவிலும் சுழற்சி முறையில் உட்காரட்டும், யாரையும் ஒரு மாதம் முழுக்கத் தூசியில் போடக்கூடாது. பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் ஊரை, தன் தெருவை, தன் பேச்சில் ஒரு நிகழ்ச்சியாகச் செய்யட்டும், அது ஒலிபரப்பாகட்டும். பாடியவர் பெயர், பேசியவர் பெயர் ஒவ்வொன்றும் எழுதப்படட்டும்.

இதை அவர்கள் தானாகத் தரமாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். ஒவ்வொரு ஊரிலும் இருக்கிற மாணவத் தோழர்கள் பக்கத்து நிலையத்துக்கு எழுதுங்கள். கடந்த பத்து ஆண்டில் எத்தனை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், அதற்கு அறிவிப்பு எங்கே வெளியிட்டீர்கள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அப்படிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? இந்த நாலு கேள்வி போதும். கணக்கே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். வருகிற பதில்களை இந்த இதழுக்கு அனுப்புங்கள். சேர்த்துவைப்போம்.

அந்த மாணவி பயிற்சியை முடித்தாள். சான்றிதழ் வாங்கினாள், மதிப்பெண்ணும் வாங்கினாள். இப்போது வார விடுமுறையில் தன் தெருவுக்குப் போய் வயசான பெண்களின் பாட்டைச் செல்போனில் பதிந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுகிறவரையே தன் பெயரைச் சொல்லச் சொல்கிறாள். "எம் பேரு எதுக்குத்தா?" என்று அந்தக் கிழவிகள் கூச்சப்படுகிறார்கள். "சொல்லு ஆத்தா"ங்கிறா இவ. சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு.